வெள்ளைக் குருவி கரிமூட்டத்துல எறங்குன கதை

“ஆமா, நான்தான் சொன்னேன்! அங்காயி காட்டுல கரியத் தூளாக்கிப் போடச் சொன்னது நான்தான். அதுக்கென்ன இப்ப? நீ என்னைக்காவது ஒரு பயிருக்கு நல்லது சொல்லிருக்கியா? எச்சிலைக்கு அலையிற வாயி!”

வேலமரத்துல இருந்த காக்காவப் பாத்து வெள்ளைக் குருவி இப்படிக் கத்துச்சு. காக்கா என்ன சொல்லுச்சுன்னு கேக்காதீங்க, அதச் சொன்னா என் வாய்தான் நாறும்.

இது மாடும் குருவியும் மனுசங்களோட சரிக்குச் சரி பேசிக்கிட்டிருந்த காலம். அப்ப இந்தக் குருவி கொக்கு மாதிரி வெள்ளையா இருக்கும். வாலும் ஒத்தை வாலுதான். அந்த ஊர்ல வெள்ளாமை பாத்துப் புள்ளைகளக் காப்பாத்துன அங்காயியோட காடு செம்மண் சரளை. எவ்வளவு எருப் போட்டாலும் ஒரே மழையில சத்தெல்லாம் கரைஞ்சு ஓடைக்குப் போயிரும். மக்காச்சோளம் முழங்கால் ஒசரம் வந்தாலே பெருசு. கதிர உரிச்சா பொக்கைவாய்ப் பல்லு மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு மணி. ஆனா வெறகக் குமிச்சு மண்ணு மூடிக் கரி சுடுற பழைய கரிமூட்டம் போட்ட எடத்துல மட்டும் சித்திரை வெயில்லயும் புல்லு பச்சையா நிக்கும். ஊரே அத மிதிச்சுக்கிட்டுப் போச்சு, குருவிதான் நின்னு பாத்துச்சு. பாத்துட்டு வந்து அங்காயிகிட்டச் சொல்லுச்சு. அவளும் கூடை கூடையா கரியக் கொட்டுனா. இருபதே நாள்ல பயிரு பூரா மஞ்சளாப் போச்சு. அதத்தான் காக்கா வேலமரத்துல உக்காந்து ஏளனம் பண்ணுச்சு.

வீட்டுல மிச்சம் ஒரு படி வெதைச்சோளம். அதையும் இடிச்சுக் கஞ்சி காய்ச்சலாம்னு அங்காயி உரல்கிட்டப் போனா.

“ஆத்தா, கொஞ்சம் பொறு!”

“நான் பொறுப்பேன், எம் புள்ளைக வயிறு பொறுக்குமா? தள்ளு.”

குருவி அங்காயியோட தொழுவத்துல கெடந்த மயிலைக்காளைகிட்டப் பறந்துச்சு. “மாமா, நான் எங்க தப்புப் பண்ணேன்?”

காளை அசைபோடுறத நிறுத்தல. “கரியச் சோறுன்னு நெனச்சியா மாப்ள? அது வெறும் சட்டி. காலிச் சட்டிய மண்ணுல வச்சா, இருக்கற கஞ்சியையும் அதுவே வாங்கி வச்சுக்கும், பயிரு பட்டினி கெடக்கும். அந்தப் பழைய மூட்டத்துக் கரி, பல வருசமா மண்ணுல ஊறி நெரம்புன சட்டி. நீ மொதல்ல சட்டிய நெரப்பு. என் மூத்திரக்குழியில சாணியோட பத்து நாள் ஊறப்போடு. அப்புறம் பாரு, எந்த மழையும் அந்தச் சத்த அடிச்சுக்கிட்டுப் போகாது.”

மழைக்கும் பத்தே நாள்தான். பழைய கரியெல்லாம் மண்ணோட கலந்துபோச்சு. ஓடைக்கரையில ஒரு புது மூட்டம் பொகைஞ்சுக்கிட்டிருந்துச்சு. அது ஆறவே மூணு நாளாகும், காத்திருந்தா ஊறவைக்க நாள் பத்தாது.

“ஆத்தா, வெதைய இடிச்சிராத! வெளையலைன்னா என்னைய வறுத்துத் தின்னு!”

கத்துன வேகத்துல குருவி மூட்டத்துக்குள்ள பாஞ்சிருச்சு. எம்மாந் தைரியம்! கையகலம் கூட இல்லாத உசுரு, கங்குக்கு நடுவுல பூந்து ஒவ்வொரு துண்டா கவ்விக்கிட்டு வந்து குழியில போடுது. றெக்கை கருகுச்சு. வால்ல தீ ஏறி நடுவுல ரெண்டாப் பொளந்துச்சு. அது நிக்கவே இல்ல. பாத்துக்கிட்டிருந்த அங்காயி உலக்கையக் கீழ போட்டுட்டு, ஒரு நீளக் கம்பையும் தண்ணிக் கொடத்தையும் தூக்கிக்கிட்டு ஓடியாந்து அவளும் மூட்டத்தக் கெளறுனா.

பத்து நாள் ஊறுன கரியச் சாணி எருவோட சேத்து மண்ணுல கலந்து, அந்த ஒரு படியையும் ஊனுனா. மழை கொட்டுச்சு. ஓடைத் தண்ணி கலங்கல் இல்லாம ஓடுச்சு. ஆளு மறையிற ஒசரத்துக்குச் சோளம் நின்னுச்சு. கதிர உரிச்சா நுனி வரைக்கும் மணி, ஊசி எறங்க எடமில்ல. புள்ளைக சுட்டுத் தின்ன வாசம் ஊரத் தூக்குச்சு.

ஊரே குருவியக் கும்பிட்டுச்சு. காக்கா மட்டும் நைசா நழுவுச்சு.

நாம இப்பப் பாக்குற ரெட்டைவால் குருவிக்கு அந்தக் கருப்பும் பொளந்த வாலும் அன்னைக்குக் கெடச்சதுதான். மாட்டு முதுகுல அது உரிமையோட ஏறி உக்காந்துக்கறதும், தன்னைவிடப் பல மடங்கு பெரிய காக்காவ விடாமத் தொரத்தித் தொரத்திக் கொத்தறதும் அன்னையிலேருந்துதான்:

“எங்கடா ஓடற? ஊரு முன்னாடி நின்னு வாயத் தொறந்து சொல்லு, அந்தக் கதிர வெளைய வச்சது யாரு?”