கணப்பருகே கிடைத்த ஞானம்

"சாமி, எனக்கு வந்துடுச்சு" என்றார் திருவேங்கடம்.

"என்ன வந்துச்சு?" என்றார் குரு.

"ஞானம்."

குரு பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

கொடைக்கானலில் இருந்தது அந்த ஆசிரமம். முன்பு வெள்ளைக்காரர் பங்களா. தியானக் கூடத்தில் கேஸில் எரியும் கணப்பு உண்டு. குமிழைத் திருகினால் நெருப்பு. எரிந்த காற்று வெளியே போகக் கூரைக்கு மேலே புகைபோக்கி.

திருவேங்கடம் பதினோரு வருடமாகச் சீடர். வயது ஐம்பத்திரண்டு. ஞானம் வந்தவருக்குக் குரு புதுப் பெயர் வைப்பார். அந்தப் பெயருக்காகத்தான் அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைப்பானேன், வேறு எதற்கும் இல்லை.

"பேருகூட நானே யோசிச்சு வச்சிருக்கேன் சாமி. தெளிவானந்தர்."

"வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"உட்கார்ந்த அரை மணியில தலை காலியாயிடுது. நெத்தி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எழுந்தா பூமி நகருது."

"மரத்தடியில உட்கார்ந்தா?"

"மூக்குதான் ஒழுகுது. கணப்புப் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் வருது. எட்டு நாளா."

"வாந்தி?"

"ரெண்டு தடவை. பழைய வினை வெளியே போகுதுன்னு விட்டுட்டேன்."

குரு பீன்ஸைக் கீழே வைத்தார்.

"புகை நாத்தம்?"

"ஒண்ணுமே இல்ல சாமி. எனக்கு மட்டும்னு நினைக்காதீங்க. இப்போ உள்ள அஞ்சு பேர் இருக்காங்க, அஞ்சு தலையும் சாஞ்சிடுச்சு. முந்தாநாள் பூனைக்கே வந்தது. நாலு காலும் நாலு பக்கம் போச்சு."

குரு ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினார். வேட்டி அவிழ்ந்தது. பிடிக்கவில்லை.

கேஸை மூடினார். ஜன்னல்களைத் திறந்தார். திறக்காத ஒன்றை உடைத்தார். ஐந்து பேரையும் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துவந்து புல்லில் போட்டார்.

ஒருவர் பாதிக் கண் திறந்தார். "சாமி, நான் அடைஞ்சுட்டேனா?"

"இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா அடைஞ்சிருப்பே. மூச்சு விடு."

ஆஸ்பத்திரிக்கு ஜீப் சொன்னார். ஐந்து பேரும் ஒழுங்காக மூச்சு வாங்கிய பிறகுதான் வேட்டியைக் கட்டினார். அப்போது கூரையைப் பார்த்தார்.

புகைபோக்கியின் வாயில் ஒரு பச்சைக் கம்பளியின் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

"அது யாருது?"

"என்னுது சாமி. அது வழியா பிடரியில குளிர் காத்து இறங்குச்சு. தியானம் கலைஞ்சுது. ஏறி அடைச்சுட்டேன்."

"எப்போ?"

திருவேங்கடம் விரல் விட்டு எண்ணினார்.

எட்டாவது விரலில் கை அப்படியே நின்றது.

ஜீப் வந்தது. ஐந்து பேரும் ஏறியாயிற்று. ஆனாலும் மனுஷனுக்கு ஆசை போகவில்லை.

"அப்போ... அந்தப் பேரு சாமி?"

பூனை பிளம்ஸ் மரத்தடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்துக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அது அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இது எத்தனை நாள் உள்ள போச்சு?" என்று கேட்டார் குரு.

"ஒரே நாள்தான். அதுக்கப்புறம் தூக்கிட்டுப் போனாலும் பிராண்டுது."

குரு பூனையின் முன் குனிந்தார். கும்பிட்டார்.

"வாங்க தெளிவானந்தரே. பால் குடிக்கலாம்."