கரடியின் காலில் தங்கிய முள்

மிருகங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முள்ளம்பன்றியின் முள் கழன்று விழாது. பிறக்கும்போது வந்த முள் சாகும்வரை முதுகிலேயே இருக்கும். ஒரு முள் குறைந்தாலும் இனத்தில் மதிப்பில்லை. நல்லது கெட்டதற்குக் கூப்பிடமாட்டார்கள். அதனால் முள்ளம்பன்றிகள் சண்டைக்குப் போனதில்லை. சிலிர்த்துக் காட்டும். எதிரி போகாவிட்டால், தாங்களே போய்விடும்.

அந்த மலையில் ஒரு தாய்க்கரடி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். கோடையில் ஒரு நாள் தேனெடுக்க மரமேறி, பிடி நழுவி விழுந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, முழுதாகக் குனியவும் முடியவில்லை. வழக்கம்போலக் குட்டிகள் முதுகில் ஏற வந்தபோது வலியில் அலறியது.

மறுநாள் மேற்குச் சரிவில் புகை தெரிந்தது. காட்டுத்தீ. காற்றும் இந்தப் பக்கமே வீசியது. ஆற்றைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் குட்டிகளின் காலுக்கு அந்தத் தூரம் ஆகாது. சுமக்க வேண்டிய முதுகோ மரக்கட்டையாகக் கிடந்தது.

முதுகு பிடித்தால் கரடிகளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கறையான் புற்றைத் தோண்டி, உள்ளே இருக்கும் ஈரமண்ணில் முதுகைத் தேய்ப்பது. தாய்க்கரடி மெல்ல நகர்ந்து போய், மூங்கில் புதர் ஓரத்தில் இருந்த பழைய புற்றைத் தோண்டியது. கண் புகையிலேயே இருந்ததால், புற்றின் அடியில் யாரோ வளை பறித்துக் குடியிருப்பதைக் கவனிக்கவில்லை.

உள்ளே ஒரு முள்ளம்பன்றியும் அதன் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தன.

“என்னங்க, கூரை இடியுது. எழுந்து பாருங்க” என்றது பெண்.

“காத்தா இருக்கும்.”

“காத்துக்கு நகம் இருக்கா? முதுகு நிறைய முள்ளு வச்சிருக்கீங்களே, எதுக்கு? அலங்காரத்துக்கா?”

அந்தப் பேச்சு ஆணுக்குத் தைத்தது. வளை குறுகலானது, திரும்ப இடமில்லை. சிலிர்த்தபடியே பின்பக்கமாகப் பாய்ந்து வெளியே வந்தது. வந்த வேகத்தில் கரடியின் பின்னங்காலில், முழங்கால் மடிப்பில் மோதியது. ஒரு முள் ஆழமாக இறங்கியது.

கரடி கத்தியது. பிறகு, பாதியில் கத்துவதை நிறுத்தியது.

“தெரியாம குத்திட்டேன் அக்கா. இதோ எடுத்துடறேன்” என்றது முள்ளம்பன்றி.

“அசையாதே தம்பி!”

“ரொம்ப வலிக்குதா?”

“கால்ல வலிக்குது. முதுகுலதான் வலியைக் காணோம்.” கரடி மெல்ல நிமிர்ந்தது. முழுதாக நிமிர முடிந்தது. “கால்ல என்ன கலாட்டான்னு பாக்க, முதுகுல இருந்த நோவு எழுந்து போயிருக்கு போல. அது திரும்பி வர்றதுக்குள்ள நான் ஆத்தைத் தாண்டணும். முள்ளை மட்டும் எடுத்துடாதே.”

முள்ளின் ஒரு முனை கரடியின் காலில், மறுமுனை முள்ளம்பன்றியின் முதுகில். முள்ளை உருவினால் நோவு திரும்பிவிடலாம். உருவாவிட்டால் கரடியால் ஓட முடியாது. தூரத்தில் மூங்கில்கள் வெடிக்கும் சத்தம் கேட்டது.

பெண் முள்ளம்பன்றி வெளியே வந்து புகையைப் பார்த்தது. கரடிக்குட்டிகளையும் பார்த்தது.

“என்னங்க, உங்க பக்கம் கடிச்சு எடுத்துடட்டுமா?”

“ஒரு முள்ளு குறைஞ்சா உங்க அண்ணன் வீட்டுக் கல்யாணத்துல என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்களே.”

“அந்தச் சோறு எனக்கும் வேண்டாம். குனிங்க.”

பெண் முள்ளம்பன்றி வேரோடு சேர்த்துக் கடித்தது. ரத்தம் வந்தது. முள், கரடியின் காலிலேயே தங்கியது.

கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டது. “நீங்களும் ஏறுங்க” என்று சொல்லிவிட்டு, இருவரின் முதுகையும் ஒருமுறை பார்த்தது. “வேண்டாம், பக்கத்துலயே ஓடி வாங்க.”

தீ ஆற்றோரம் வரை வந்து, தண்ணீரைக் கண்டு நின்றது. அக்கரையில் நின்று கரடி தன் காலிலிருந்த முள்ளைப் பிடுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நோவு திரும்பி வருகிறதா என்று காத்திருந்தது. வரவில்லை.

“அம்மா, இறங்கட்டுமா?” என்றது ஒரு குட்டி.

“இரு. இன்னும் கொஞ்ச நேரம் இரு.”

முள்ளம்பன்றிக்குக் கடிபட்ட இடம் ஆறியது. சுற்றியிருந்த முட்களின் பிடி மட்டும் தளர்ந்துபோனது. அதற்குப் பிறந்த குட்டிகளுக்கும் அப்படியே. மைத்துனன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் இடுப்புப் பிடித்த மானும், கழுத்துத் திரும்பாத எருமையும் வளை வாசலில் வந்து நின்றன. நோவு எங்கே என்று கேட்டுவிட்டு, முள்ளம்பன்றி வேறொரு இடத்தில் குத்தும். முள்ளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடும்.

அன்று முதல்தான் முள்ளம்பன்றி பின்பக்கமாகப் பாய்கிறது, அதன் முள்ளும் குத்திய இடத்தில் தங்கிவிடுகிறது. ஊசி குத்தி நோவு தீர்ப்பவரிடம் முதுகு வலி என்று போனால், அவரும் காலை நீட்டச் சொல்கிறார்.