மொட்டுலயே வெட்டுற பூ

ஒரு ஊர்ல ஒரு பச்சையப்பன் இருந்தாரு. ஊரு மலேசியாவுல ஈப்போ. அவரு தன் பொண்டாட்டி பவளக்கொடிய கடைசியா உயிரோட பாத்தது வாசல்ல, ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியில. பவளக்கொடி தலைய நீட்டி, "இந்தாங்க, காந்தான் பூ வந்தா மொட்டுலயே வெட்டிருங்க. விரிஞ்சுட்டா குழம்புக்கு ஆகாது. செடியச் சாக விட்டுறாதீங்க"ன்னு சொன்னாங்க. வண்டி டுர்ருன்னு போயிருச்சு. இவரு வீட்டப் பூட்டிட்டுப் பின்னாலயே போய்ச் சேர்றதுக்குள்ள அந்தம்மா கண்ண மூடிட்டாங்க.

கண்ணு, கேக்குறியா? "ம்" சொல்லு.

ம்.

காந்தான்னா இஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி. ஆளு ஒசரத்துக்கு மேல இலை போகும். மொட்டு ரோஸ் கலர்ல சுடர் மாதிரி கூம்பி நிக்கும். அத மெல்லிசா அரிஞ்சு புளி மீன் குழம்புல போட்டா தெருவே மணக்கும். நீல டிரம் ஒண்ணப் பாதியா வெட்டி, மண்ணு போட்டு, பவளக்கொடி அத வாசல்ல வளத்தாங்க. பக்கத்துல வாசனைக்கு ரம்பை இலை, சேரைங்கிற எலுமிச்சைப் புல்லு, வேலி பூரா சங்குப்பூ. என்ன கை அது! குச்சிய நட்டாலும் துளிர்க்கும். பச்சையப்பன் லாரி ஓட்டினவரு. காந்தான் பூவ அவருக்குக் குழம்புச் சட்டியிலதான் பழக்கம்.

அப்புறம் தண்ணி ஊத்தினாரு பாரு, குடுகுடுகுடுன்னு! காலையில, மத்தியானம், சாயங்காலம். இலையெல்லாம் பழுத்துப்போச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ரொகாயா, எஸ்டேட்டுல தமிழாளுங்களோட வளந்தது, தமிழ் நல்லா பேசும். வேலி மேல எட்டிப் பாத்து, "அண்ணே, பேரு பச்சையப்பன், செடி மஞ்சளப்பனா?"ன்னு சிரிச்சுது.

அப்புறம் டிரம்ம கரகரன்னு இழுத்து வெயில்ல வச்சாரு. இலை மொறுமொறுன்னு அப்பளம் ஆயிருச்சு. "ஐயோ பவளம், கொன்னுட்டேனே"ன்னு திரும்ப நிழலுக்கு இழுத்தாரு. மழை வந்துச்சு, செடி தெளிஞ்சுது.

அப்போலருந்து தினமும் இலை உச்சிய அண்ணாந்து பாப்பாரு. பூவக் காணோம். ஒரு நாள் குனிஞ்சா, மண்ணுலருந்து இலையே இல்லாம ஒரு மொட்டைத் தண்டு! "களையா? எம் பவளம் செடிய உறிஞ்சவா வந்த?"ன்னு பாராங்கத்திய ஓங்கினாரு.

"அண்ணே! நிறுத்துங்க!" ரொகாயா வெறுங்காலோட தடதடன்னு ஓடி வந்துச்சு. "காந்தான் பூ உச்சியிலயா வரும்? மண்ணுலருந்து தனியாத்தான் வரும். அதுதான் பூவு! இத்தனை வருசம் தின்னீங்களே, ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தீங்களா?"

கத்தி நங்குன்னு விழுந்துச்சு. தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் தண்டு நுனியில மொட்டு கூம்பிச்சு. பவளக்கொடி சொன்ன மாதிரியே மொட்டுலயே சரக்குன்னு வெட்டி, குழம்பு வச்சாரு. அதே மணம்! ரொகாயாவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தாரு. ரொகாயா நக்கிப் பாத்துட்டு, "உப்பு மட்டும் உங்களோடது அண்ணே. மத்ததெல்லாம் அக்காவோடது"ன்னு சொல்லிச்சு.

அப்புறம் இன்னொரு மொட்டு. கத்தியோட குனிஞ்சவரு அப்படியே நின்னுட்டாரு. பவளக்கொடி எல்லாத்தையும் மொட்டுலயே வெட்டினவங்க. அப்போ அது விரிஞ்சு அவங்களே பாத்ததில்லையே?

கத்தியக் கீழ வச்சாரு. "குழம்புக்கு ஆகாட்டிப் போகட்டும் பவளம். உனக்கும் சேத்து நானே பாத்துர்றேன்."

விரிஞ்சுச்சு பாரு! அடுக்கடுக்கா, மெழுகுல செஞ்ச மாதிரி, ஓரமெல்லாம் வெள்ளைக் கரை கட்டி. தேன்சிட்டு கிச்சுகிச்சுன்னு சுத்தி வந்துச்சு. ரொகாயாவும் வந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்துச்சு.

கதை டிரம்முக்குள்ள போயிருச்சு, நீ போர்வைக்குள்ள போ.

வாசல் டிரம்முல அந்தப் பூ உதிர்ந்துபோச்சு. தண்டு இன்னும் நிக்குது, நுனியில விதையோட காய் இருக்கு.