பாத்துக்குங்கக்கா

அமலோற்பவத்துக்கு ஐம்பத்து நான்கு வயதில்தான் ஒரு குரு கிடைத்தார். மகள் வயதுக் குரு. பெயர் ஃபரிதா, அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அமலோற்பவம் அங்கே செக்யூரிட்டியாகச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. சேலைமேல் காக்கிச் சட்டை, அதன்மேல் பெல்ட், கழுத்தில் விசில் கயிறு.

அன்று காலையில் இலக்கியா என்ற பதினைந்து வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தார்கள். உயிரை விடப் பார்த்தவள். மனநலப் பிரிவில் சாயங்காலம்தான் படுக்கை கிடைக்கும். அதுவரை ஓரத்து அறை. அவள் அம்மா டாக்டரிடம் பேசப் போயிருந்தாள்.

"பொண்ணப் பாத்துக்குங்கக்கா" என்றார் ஃபரிதா.

அமலோற்பவம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ட்ரிப்ஸ் கம்பி, சார்ஜர் வயர், திரைச்சீலை எல்லாம் வெளியே போயின. இலக்கியாவின் துப்பட்டாவும் போயிற்று. பிறகு ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார். யாரும் குறை சொல்ல முடியாது.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் மூலையில் போய்ச் சுருண்டுகொண்டாள். தண்ணீர் வேண்டாம். பேச்சும் இல்லை. வலது கை மட்டும் மூடியே இருந்தது.

அமலோற்பவம் கதவருகே நின்று ஃபரிதாவைக் கூப்பிட்டார்.

"கையில என்னமோ வச்சிருக்கு சிஸ்டர். எனக்குப் பயமா இருக்கு. நாலு பேரைக் கூப்பிட்டுப் பிடுங்கிடலாமா?"

ஃபரிதா வேண்டாம் என்று தலையாட்டினார். அடையாள அட்டையை நாடாவோடு கழற்றினார். பேனா, கொண்டை ஊசி எல்லாவற்றையும் அமலோற்பவத்தின் கையில் கொடுத்தார். உள்ளே போய் இலக்கியாவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். மூடிய கையை உற்றுப் பார்க்கவில்லை.

"சாப்டியா?"

இலக்கியா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நானும் சாப்பிடல. காலையில நின்னுக்கிட்டே ரெண்டு இட்லி. அதோட சரி."

இலக்கியா தலையைத் தூக்கினாள்.

"அவங்க ஏன் என்னையே பாக்குறாங்க? நான் என்ன திருடியா?"

"பயம்."

"என்னப் பாத்தா?"

"உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

இலக்கியா கதவுப் பக்கம் திரும்பினாள். "என் துப்பட்டாவ வாங்கிட்டாங்க. அவங்க மட்டும் கயிறு போட்டிருக்காங்க."

"ஆமா. அது தப்புதான்."

ஃபரிதா தன் உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது, இன்னொன்று வந்தது. அப்போதுதான் இலக்கியா கையைத் திறந்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்த கண்ணாடித் துண்டு ஃபரிதாவின் கைக்கு வந்தது. அதன்பிறகு அவள் அழுதாள்.

அம்மா வந்து அவளைக் கட்டிக்கொண்டதும் ஃபரிதா கதவருகே வந்தார். அமலோற்பவத்துக்கும் கண் கலங்கியிருந்தது.

"பாத்துக்கச் சொன்னீங்க. ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கல சிஸ்டர். பாத்துக்கிட்டேதான இருந்தேன்?"

"ஆமாக்கா. பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க. இனிமே பாத்துக்குங்க."

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசில் கயிற்றையும் பெல்ட்டையும் கழற்றி வெளியே மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.