குறி போடாத ஆமைகள்

சீடனுக்கு வயது அறுபத்திரண்டு, குருவுக்கு முப்பத்தைந்து. கடற்கரையில் வயதுக்கு என்ன மரியாதை? கரையைத் தெரிந்தவர்தான் அங்கே குரு.

பொன்னுரங்கம் முப்பது வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுச் சுவர்களோடு பேசிச் சலித்துப்போய், கரையைக் கண்காணிக்கும் தொண்டர் குழுவில் தானே போய்ப் பெயர் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் விடிந்ததும் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். கரைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், குப்பை எவ்வளவு, வண்டித் தடம் உண்டா, செத்து ஒதுங்கிய ஆமை எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். அவரைப் பழக்கியவள் மீனவப் பெண் அஞ்சலை. அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த நடையை விட்டால் வாரம் முழுக்க அவரை எதிர்பார்க்கும் இடம் எதுவும் இல்லை.

மாசியில் வம்பு வந்தது. அவர் நோட்டில் முப்பத்தொரு ஆமை. குழுவினர் போய்ப் பார்த்தால் பதினொன்றுதான். எண்ணிய ஆமைகளையே ஒவ்வொரு நடையிலும் மறுபடி எண்ணியிருக்கிறார்.

"பெரியவர் வீட்ல ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அஞ்சலை அவரைக் கரைக்கு அழைத்துக்கொண்டு நடந்தாள். முதல் செத்த ஆமை எதிர்ப்பட்டது. நாலு நாள் பழசு. ஓட்டின்மேல் பெயிண்ட் இல்லை.

"எண்ணின ஆமைக்குக் குறி போடணும்னு சொன்னேனே ஐயா. டப்பா எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூடியே திறக்கவில்லை.

"ஊர்க் கடுதாசிக்கெல்லாம் முத்திரை குத்தின கை. ஒரு ஆமைக்குக் குறி போட மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பின்ன?"

பொன்னுரங்கம் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பக்கத்துக் கரையில பாத்தேன் டீச்சர். குறி போட்ட ஆமைகிட்ட ஒருத்தரும் நிக்கறதில்ல. முடிஞ்சிதுன்னு தாண்டிப் போயிடறாங்க. என் வீட்டுக்கும் பதினாறாம் நாள் வரைக்கும் ஊரே வந்துது. காரியம் முடிஞ்சிது. அப்புறம் அவ பேரை ஒருத்தர் வாயில கேக்கல. எனக்குக் கை வரல டீச்சர்."

அஞ்சலை டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள். வெள்ளைக் கோடு கோணலாக விழுந்தது. இப்படியே பதினொன்றுக்கும் போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

"நோட்டு சரியாயிடுச்சு. வெள்ளிக்கிழமையும் நீங்கதான் நடக்கணும். குழுவுல நான் சொல்லிக்கறேன்" என்றாள் அஞ்சலை.

போன நடை திரும்பக் கிடைத்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கடைசியில் தானும் ஊராரைப் போலத்தான் செய்துவிட்டோம் என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியே விறுவிறுவென்று திரும்பி நடந்தார். குறி போட்ட ஆமைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

கொஞ்ச தூரம் போனபின் பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தார்.

அஞ்சலை ஓர் ஆமையின் அருகே உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்றத்திலும் மூக்கைப் பொத்தவில்லை. அதன் கண்ணில் அப்பியிருந்த மணலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அதை எண்ணியாச்சே!"

"எண்ணியாச்சு."

"பின்ன ஏன் உக்காந்துட்டீங்க?"

"குறி போட்டது மறுபடி எண்ணாம இருக்கத்தான் ஐயா. நிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

அவர் மெல்லத் திரும்பி வந்தார். அஞ்சலை பக்கத்து மணலைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"உக்காருங்க. உங்க வீட்டம்மா பேரு என்ன?"