ஆறு மணி நேர ஆபரேஷன்

"வயிற்றைத் திறக்கிறோம், பார்க்கிறோம், ஒன்றும் செய்யாமல் மூடுகிறோம். இதற்கு எதற்கு மேடம் நான்?"

கேட்டவர் டாக்டர் மாசிலாமணி. கேட்டது டாக்டர் ஜெசிந்தாவிடம். குருவுக்குச் சீடரைவிட எட்டு வயது குறைவு.

தென்காசியில் இருபது வருடம் குடலிறக்கமும் குடல்வாலும் ஆபரேஷன் செய்துகொண்டு நிம்மதியாக இருந்த மனிதர் மாசிலாமணி. கை வைத்தால் குணம் என்று ஊரே சொல்லும். அது போதாதா? போதவில்லையே! ஈரலும் கணையமும்தான் பெரிய வித்தை என்று நாற்பத்தேழு வயதில் மதுரைக்குக் கிளம்பிவந்து ஜெசிந்தாவிடம் சேர்ந்தார்.

சேர்ந்த ஏழு மாதத்தில் பதினோரு பேரைத் திறந்து மூடியாயிற்று. கணையத்துப் புற்று அப்படிப்பட்ட சனியன். ஸ்கேனில் சாதுவாக இருக்கும். திறந்து பார்த்தால் ஈரல் முழுக்க ரவையைத் தூவியதுபோல் பரவிக் கிடக்கும். பரவிவிட்டால் கட்டியை வெட்டி எடுத்தும் பிரயோஜனமில்லை.

ஜெசிந்தா மறுநாள் ஆபரேஷன் பட்டியலில் முதல் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"இவரை நீங்களே பண்ணுங்க சார். வீட்டுக்காரங்ககிட்டயும் நீங்களே பேசுங்க."

அந்த முதல் பெயர் ஆவுடையப்பன். கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மனைவி பெயர் கோமு. ஒரே மகன் இசக்கிராஜா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அப்பாவைப் பார்க்க மறுநாள் ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தான்.

மாசிலாமணி கோமுவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன் ஆறு மணி நேரம் பிடிக்கும். நோய் பரவியிருந்தால் மட்டும் உடனே மூடிவிடுவோம், ஒரு மணி நேரத்தில் நானே வெளியே வந்து சொல்லிவிடுவேன். கோமு தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்தார். ஈரலில் அதே ரவை.

பக்கத்து ஆபரேஷன் மேஜையிலிருந்து ஜெசிந்தா எட்டிப் பார்த்தார். "மூடிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பத்து ஐம்பதுக்கு மூடியாயிற்று. ஆவுடையப்பனை உள்வழியாகவே மயக்கம் தெளியும் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

மாசிலாமணி வெளிக்கதவு வரை போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். பெஞ்சில் கோமு. எதிரே சுவர்க் கடிகாரம். இப்போது கதவைத் திறந்தால், வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

பாவம், இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தார். திரும்பி உடை மாற்றும் அறைக்குப் போய் உட்கார்ந்தார். டீ வரவழைத்துக் குடித்தார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எத்தனையோ வயிற்றைத் திறந்த மனிதருக்கு ஒரு கதவைத் திறக்க முடியவில்லை.

மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தார்.

கோமு சிரித்த முகமாக எழுந்தாள்.

"பன்னெண்டு தாண்டவும்தான் சார் எனக்கு உசுரே வந்துச்சு. பரவலைன்னு தெரிஞ்சு போச்சுல்லா! பயலுக்கு உடனே போனைப் போட்டு, வராதேன்னுட்டேன். லீவு போட்டா அங்க வேலை நிலைக்காது."

மாசிலாமணி அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். கோமு அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

இசக்கிராஜா அதற்குள் டிக்கெட்டை ரத்து செய்து, பாஸ்போர்ட்டையும் கம்பெனியில் திருப்பிக் கொடுத்திருந்தான். அதை மறுபடி வாங்க மூன்று நாள் ஆனது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆவுடையப்பனுக்குக் கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. மகன் வருவானா என்று கேட்டுக்கொண்டே இருந்த மனிதர், கேட்டபடியே போய்ச் சேர்ந்தார்.

நாலாம் நாள் இசக்கிராஜா வந்தான். அப்பாவைப் பிணவறையில் பார்த்துவிட்டு, நேரே ஜெசிந்தாவின் அறைக்கு வந்து உட்கார்ந்தான். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் என்றான். சத்தம் போடவில்லை.

ஜெசிந்தா மாசிலாமணியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து உட்கார்ந்ததும், ஆபரேஷன் குறிப்பை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

அவன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். ஒரு வரியில் விரல் நின்றது.

"பத்து அம்பதுக்கே தையல் போட்டு முடிச்சாச்சுன்னு இருக்கு. அம்மா பன்னெண்டரைக்கு என்கிட்ட பேசுறப்ப, உள்ள ஆபரேஷன் நடந்துகிட்டிருக்குன்னாங்க. அந்த நேரத்துல எங்கப்பாவுக்கு என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

மாசிலாமணி ஜெசிந்தாவைப் பார்த்தார். மருத்துவப் பெயராக ஏதாவது ஒன்றைச் சொல்லி அவர் தன்னைக் காப்பாற்றிவிடுவார் என்று நினைத்தார்.

ஜெசிந்தா எழுந்தார். "கேக்கிறது உங்களைத்தான் சார்" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. மகன் காத்திருந்தான்.

மாசிலாமணி நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் பண்ணலை தம்பி. உங்கம்மா முகத்தைப் பார்க்கப் பயந்துக்கிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்."