நீலக் கிளிப்பு

அந்த ஞாயிறு குடிலில் இருந்தவர்கள் ஆறு பேர். அம்மா. துணி துவைக்கும் எஸ்தர். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குஞ்சுப்பிள்ளை. அவருக்குக் காது கேட்காது. சமையல் பார்க்கும் நான். பதினொன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்கிய செல்லத்தங்கை. கையைப் பிடித்து அவள் அழைத்து வந்த அவளுடைய அண்ணன் தாணுமூர்த்தி.

தாணுமூர்த்திக்கு அறுபத்து மூன்று வயது. அம்மாவுக்கு நாற்பத்து நான்கு. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் வந்து உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மனக்குறை சொல்ல வருகிற எல்லோருக்கும் அவர் அம்மாதான்; வயது பார்த்து யாரும் வருவதில்லை.

தாணுமூர்த்தியின் இடது காதில் ஒரு நீலக் கிளிப்பு தொங்கியது. கொடியில் துணி பறக்காமல் இருக்க மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப்பு. எஸ்தர் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சோற்றை வடிக்கப் போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் செல்லத்தங்கைதான் பேசினாள்.

"பதினொரு மாசமா இதக் கழட்ட மாட்டேங்கிறாவ அம்மா. தூங்கும்போதும் இருக்கு. தெருவுல பிள்ளைய பின்னால வருது. இந்த மாசம் ரெண்டு தடவ கால்வாய்க்கரைக்குப் போயிட்டாவ. ஒரு தடவ நான் பார்த்துக் கூட்டிட்டு வந்தேன். ஒரு தடவ தானா வந்தாவ."

"எதுக்குப் போனீங்க, அண்ணாச்சி?" என்று அம்மா கேட்டார்.

"அவங்க போன இடம்லா."

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சீட்டு. இருபத்தெட்டு என்கிற ஆட்டம். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் இருபத்தெட்டு. நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஒரு கட்சி. அவரும் அவர் மனைவியின் தம்பி சிவதாணுவும் ஒரு கட்சி. மனைவி உமையம்மையும் சிநேகிதர் கிறிஸ்துதாஸும் எதிர்க்கட்சி. இருபத்தாறு வருஷம் இப்படி ஆடினார்கள். மழை, காய்ச்சல், சாவு வீடு எல்லாம் கழித்தாலும் ஆயிரத்து இருநூறு ஞாயிறுக்குக் குறையாது.

தோற்ற கட்சிக்குக் காதில் குணுக்கு. சில வீடுகளில் பலா இலையைச் சுருட்டி மாட்டுவார்கள். இவர்கள் வீட்டில் துணிக் கிளிப்பு. ஒரு தோல்விக்கு ஒன்று ஏறும். ஒரு வெற்றிக்கு ஒன்று இறங்கும். ஜெயிக்காமல் கழற்றக் கூடாது.

"கிறிஸ்துதாஸ் ஒரு தடவ ஆறு குணுக்கோட பால் வாங்கப் போனான். பால்காரன் கேட்டிருக்கான், ஐயா வீட்டுல துணி காயப்போட இடம் இல்லியான்னு."

எஸ்தர் பொத்துக்கொண்டு சிரித்தாள். செல்லத்தங்கையும் சிரித்தாள். சொன்னவர் சிரிக்கவில்லை.

"உமையம்ம புருவத்தத் தூக்குனா கையில ஜாக்கி இருக்குன்னு அர்த்தம். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமும் தெரியாது."

கடைசி ஞாயிறு தாணுமூர்த்தியின் கட்சி தோற்றது. உமையம்மை கொடியிலிருந்து இரண்டு கிளிப்பு எடுத்து வந்து, தம்பிக்குச் சிவப்பும் புருஷனுக்கு நீலமும் மாட்டினாள். மறுநாள் காலையில் எல்லோரும் வேனில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். சிவதாணு கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான் கள்ளம் செய்ய மாட்டேன்னு சொன்னேன். இதோட கல்யாண வீட்டுக்கும் வர மாட்டேன்னு சொன்னேன். சும்மா வீம்புதான். உமையம்ம வேன்ல ஏறிட்டு, 'அப்ப வீட்டுலயே கெடங்க. சாயங்காலம் வந்து நானே கழட்டி விடுதேன்'னு சொன்னா. கிறிஸ்துதாஸ் ஜன்னல் வழியா ரெண்டு காதையும் பிடிச்சு ஆட்டிக் காட்டினான்."

வேன் கால்வாயில் கவிழ்ந்தது. மூவரும் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் சிவதாணுவின் கடிகாரத்தோடு சிவப்புக் கிளிப்பையும் கவரில் போட்டுக் கொடுத்தார்களாம்.

எஸ்தர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். துக்கம்னா நாளாக ஆறும்னு சொல்லுதாங்க. இது துக்கம் இல்ல. அன்னைக்கு நாங்க நாலு பேரும் சிரிச்ச சிரிப்பு. அதுதான் என்னத் தின்னுது. அதுக்கு யார்கிட்ட போக?"

"சீட்டு வெச்சிருக்கீங்களா?" என்று அம்மா கேட்டார்.

அவர் சட்டைப்பையில் இருந்தது. ஆட்டத்துக்கு வேண்டிய முப்பத்திரண்டு. நான் எண்ணினேன். இஸ்பேட் பத்து மட்டும் தொலைந்து, அதற்குப் பதிலாகக் கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய அட்டை. அதில் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ பத்து என்று எழுதியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

"அம்மாவுக்கு ஆடத் தெரியுமா?" என்றாள் எஸ்தர்.

"நர்ஸ் ஹாஸ்டல்ல வேற என்ன வேலை?"

அம்மாவும் தாணுமூர்த்தியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எஸ்தரும் நானும் மறு கட்சி. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் நான்காவது ஆள் வேண்டுமே. குஞ்சுப்பிள்ளை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்.

அம்மா பதினெட்டுப் புள்ளி எடுப்பதாகக் கேட்டார். ஆர்ட்டின் துருப்பு. அந்தப் பதினெட்டு வந்தால் அவர்களுக்கு வெற்றி, நீலக் கிளிப்பு இறங்கிவிடும். அது நான்கு பேருக்கும் தெரியும்.

ஆட்டம் நடுவில் எஸ்தர் கிளாவர் ஜாக்கியை இறக்கினாள். அம்மா கிளாவர் எட்டைப் போட்டார். நான் கிளாவர் ஒன்பதைப் போட்டேன். ஐந்து புள்ளி தரையில் கிடந்தது. தாணுமூர்த்தியிடம் கிளாவர் இல்லை. துருப்பு இருந்தால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டைமன் ஏழைப் போட்டார்.

எஸ்தர் ஐந்தையும் அள்ளினாள்.

கடைசிச் சுற்றில் அவர் கையில் மிஞ்சிய ஒரே சீட்டைத் தரையில் வைத்தார். ஆர்ட்டின் எட்டு. துருப்பு.

அம்மாவின் கட்சிக்குப் பதினைந்து. கேட்டதற்கு மூன்று குறைவு.

"வெட்டலையே, அண்ணாச்சி" என்றார் அம்மா.

"பார்க்கல."

"ஆயிரத்து இருநூறு ஞாயிறு ஆடினவரு."

"பார்க்கல அம்மா."

அம்மா எஸ்தரிடம் கையை நீட்டினார். "ரெண்டு கிளிப்பு எடுத்துட்டு வா."

குடிலில் கிளிப்புகள் இருபத்து மூன்று. எஸ்தர் கொடியிலிருந்து இரண்டு கொண்டுவந்தாள். பச்சை ஒன்று தாணுமூர்த்தியின் காதில் நீலத்துக்குப் பக்கத்தில் ஏறியது. மஞ்சள் ஒன்றை அம்மா தன் இடது காதில் தானே மாட்டிக்கொண்டார். எங்கள் கிளிப்புகள் புதியவை. அழுத்தம் அதிகம். அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்களுக்கு எதுக்கு அம்மா?" என்று பதறினார் தாணுமூர்த்தி.

"தோத்த கட்சில நானும் இருந்தேன்."

செல்லத்தங்கையை அம்மா மாலை பஸ்ஸில் அனுப்பிவைத்தார். அண்ணன் அடுத்த ஞாயிறு வரை இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அந்த வாரம் அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் பத்தொன்பது பேர். செவ்வாய்க்கிழமை இரண்டு, வெள்ளிக்கிழமை பதினொன்று, மற்ற நாட்களில் ஆறு. எல்லோரும் காதைப் பார்த்தார்கள். கேட்டவர்கள் நான்கு பேர்தான். நான்கு பேருக்கும் அம்மா ஒரே பதிலைச் சொன்னார்.

"சீட்டுல தோத்துட்டேன்."

வெள்ளிக்கிழமை வந்த ஒரு குடும்பம் உட்காராமலே திரும்பிப் போனது. வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த வீட்டு அம்மாள், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று புருஷனிடம் சொன்னது தாணுமூர்த்திக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

சனிக்கிழமை அம்மாவின் காது மடல் சிவந்து தடித்திருந்தது. எஸ்தர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தாணுமூர்த்தி வந்து நின்றார்.

"கழட்டிருங்க அம்மா. கும்பிட்டுக் கேக்கேன்."

"நீங்க கழட்டலையே."

"எனக்குள்ளது வேற."

"சட்டம் நீங்க சொன்னதுதானே? ஜெயிக்காமக் கழட்டக் கூடாது."

அவர் சாப்பிடாமல் போய்ப் படுத்தார். இரவுச் சோறு ஒரு ஆள் பங்கு மீந்தது.

இரண்டாவது ஞாயிறும் அதே ஆறு பேர். செல்லத்தங்கை முறுக்குக் கொண்டு வந்திருந்தாள். மூன்று மணிக்கு உட்கார்ந்தோம்.

இந்தத் தடவை தாணுமூர்த்தி ஜெயிக்க ஆடினார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. சீட்டைக் கலைப்பதும் போடுவதும் வேறு கையாக இருந்தது. ஆனால் அம்மா ஒரு ஜாக்கியைத் தவிர ஒன்றும் இல்லாத கையை வைத்துக்கொண்டு இருபது கேட்டார். அதோடு, இரண்டாவது சுற்றிலேயே துருப்பு ஜாக்கியை இறக்கிவிட்டார்.

"ஏய்!" என்று தாணுமூர்த்தி தரையில் அடித்தார். "அத எதுக்குடே இப்பவே எறக்குன? ஒம்பது இன்னும் வெளிய கெடக்குல்லா? எத்தன தடவ சொல்லிருக்கேன், கண்ண எங்க வெச்சிருக்க மச்சான்?"

சொன்ன பிறகுதான் அவருக்கு அது கேட்டது.

எஸ்தர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். முறுக்குக் கடிக்கும் சத்தமும் நின்றது. எனக்குச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

"கவனிக்கல மச்சான்" என்றார் அம்மா. "போடுங்க, உங்க கைதான்."

தாணுமூர்த்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று நினைத்தேன். இல்லை. தோள் இரண்டும் குலுங்க, சீட்டுகளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே அழுதார். குஞ்சுப்பிள்ளைக்கு எதுவும் கேட்கவில்லை. அவர்தான் எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாணுமூர்த்தி தன் சீட்டைப் போட்டார்.

அந்த ஆட்டம் தோல்வி. இன்னும் இரண்டு கிளிப்பு ஏறின. தாணுமூர்த்திக்கு மூன்று. அம்மாவுக்கு இரண்டு, காதுக்கு ஒன்றாக.

"இனி நான் கேக்கேன். நீங்க பேசாம இருங்க" என்றார் அம்மாவிடம்.

"சரி."

அடுத்த ஆட்டத்தில் அவர் பத்தொன்பது கேட்டு இருபத்து மூன்று எடுத்தார். எஸ்தர் இறக்கிய ஜாக்கியை வெட்டினார். நான் ஒளித்து வைத்திருந்த ஒன்பதைத் தேடி வந்து பிடித்தார். இருவருக்கும் ஒவ்வொன்று இறங்கியது.

அதற்கடுத்த ஆட்டத்தில் பதினேழு கேட்டுச் சரியாகப் பதினேழு. கடைசிச் சுற்றில் கிடைத்த ஒரு புள்ளி அந்தப் பத்திரிகை அட்டைப் பத்து. அவர் எழுந்து அம்மாவிடம் வந்து, மஞ்சள் கிளிப்பை மெதுவாக விடுவித்தார். அந்த இடத்தில் இரண்டு பள்ளம் பதிந்திருந்தது. பிறகு தன் காதிலிருந்து பச்சையைக் கழற்றினார்.

நீலம் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். சீட்டுகளை அள்ளி, தட்டி, கலைத்தார். ஆளுக்கு எட்டாகப் போட்டார். நானும் எஸ்தரும் எடுத்துக்கொண்டோம். அம்மா எடுக்கவில்லை.

"எடுங்க அம்மா. இதையும் முடிச்சிரலாம்."

"போன ஞாயிறே முடிஞ்சிருக்கும். கிளாவரை ஏன் வெட்டல?"

அவர் தலை குனிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செல்லத்தங்கை சொல்ல வாயெடுத்தாள். அம்மா கையைக் காட்டினார்.

"வெட்டினா ஜெயிச்சிருப்போம்" என்றார் தாணுமூர்த்தி. "ஜெயிச்சா கழண்டிரும். அவ வந்து கழட்டி விடுதேன்னு சொன்னால்லா? கழண்டுட்டா, அவ வந்து என்ன செய்வா?"

செல்லத்தங்கை அண்ணனைப் பார்த்தபடியே நின்றாள்.

அம்மா தன் முன்னால் கிடந்த எட்டுச் சீட்டையும் எடுத்துப் பார்க்காமலே அடுக்கினார். எங்கள் மூன்று பேர் கையில் இருந்ததையும் வாங்கிச் சேர்த்தார். சீட்டுக்கட்டைத் தாணுமூர்த்தியின் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"வர மாட்டாங்க, அண்ணாச்சி" என்றார். "ஆனா அது அவங்க மாட்டினது. எங்ககிட்ட ஜெயிச்சு அதைக் கழட்ட முடியாது. அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு வாங்க. எங்ககிட்ட தோக்கிறதை எங்ககிட்ட ஜெயிச்சுக்கலாம்."

தாணுமூர்த்தி காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தங்கைக்கு முன்னால் நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

எஸ்தர் நான்கு கிளிப்புகளையும் கொடியில் மாட்டினாள். நான் எண்ணினேன். கொடியில் இருபத்து மூன்று. அவர் காதில் ஒன்று.